புரோகிராமைத் திட்டும் முன் பெல்ட்டைப் பாருங்கள்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் ஒரு பழக்கத்தைக் கவனித்து வருகிறேன். கம்ப்யூட்டரோடு இணைத்த எது ஓடாவிட்டாலும், பழியை முதலில் சாப்ட்வேர் மேல் போட்டுவிடுவார்கள். டிரைவரை நீக்கி மறுபடியும் பதிவார்கள். விண்டோஸையே புதிதாகப் போடுபவர்களும் உண்டு.

டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் என்றாலே சிடி டிரைவ் இருந்த நாட்கள் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். எஜெக்ட் பட்டனை அழுத்தினால் உள்ளே மோட்டார் முனகும். தட்டு மட்டும் வெளியே வராது. இப்படிப் பழுதாகி நின்ற பல டிரைவ்களைத் திறந்து பார்த்தால், உள்ளே ஒரு சிறிய ரப்பர் பெல்ட் தளர்ந்து போயிருக்கும். மோட்டார் சுற்றும், பெல்ட் வழுக்கும், தட்டு நகராது. சில ரூபாய் பெறாத அந்த பெல்ட்டை மாற்றினால் போதும். இது தெரியாமல் டிரைவையே தூக்கிப் போட்டவர்கள் ஏராளம்.

அதே தவறு இப்போது ரோபோ செய்யும் பிள்ளைகள் மூலம் வேறு உருவத்தில் வீட்டுக்குள் வந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறேன்.

என் அக்கா வீட்டில் நடந்தது

நான் இருப்பது அம்பத்தூரில். அக்கா வீடு திருமுல்லைவாயிலில். அத்தான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் பிரஸ் ஆபரேட்டர். மகன் பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தான் என்று, மாதத் தவணையில் ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். அவர்கள் வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் அது.

பள்ளிக் கண்காட்சிக்குப் பையன் ஒரு ரோபோ செய்தான். தரையில் கிடக்கும் ஸ்பாஞ்ச் பந்துகளைப் பொறுக்கி, சாய்வான கன்வேயர் வழியாக மேலே ஏற்றி, ஒரு பெட்டியில் போட வேண்டும். கன்வேயர் என்றால் கீழே ஒரு ரோலர், மேலே ஒரு ரோலர், இரண்டையும் சுற்றி மூன்று உருண்டை பெல்ட்டுகள். அவ்வளவுதான்.

முதல் நாளே ஒரு பெல்ட் அறுந்தது. மற்ற இரண்டும் இடது பக்கமாக நகர்ந்து ரோலரை விட்டு வெளியே வந்தன. சாமான் வாங்கிய கடையில் கேட்டான். மோட்டாருக்கு சக்தி போதாது என்றார்கள். பெரிய மோட்டார் வாங்கினான். அப்போதும் அப்படியே. மோட்டாரை இயக்கும் போர்டு சரியில்லை என்றார்கள், அதையும் மாற்றினான். இரண்டும் சேர்த்து 2,400 ரூபாய். பிறகு இரவெல்லாம் உட்கார்ந்து புரோகிராமில் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது லேப்டாப்பை மூடி வைத்திருந்தான்.

"எனக்கு கோடிங் வராது மாமா. குரூப் மாத்திக்கலாம்னு அப்பாகிட்ட சொல்லப் போறேன்" என்றான்.

பணம் போனது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இந்தப் பேச்சுதான் சுருக்கென்றது. அவன் எழுதிய புரோகிராம் மொத்தம் முப்பது வரிகூட இராது. படித்துப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை.

பேட்டரியைக் கழற்றிவிட்டு ரோலரைக் கையால் மெதுவாகச் சுற்றச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் இரண்டு காரணங்களும் கண்ணில் பட்டன. பெல்ட்டின் இரு முனைகளையும் உடனே ஒட்டும் பசையால் ஒட்டி, மேலே நூல் சுற்றியிருந்தான். அந்த இடம் கல் மாதிரி இறுகியிருந்தது. ரோலரில் வளையும்போது அது மட்டும் வளையாமல் தூக்கிக்கொண்டு நின்றது. அடுத்து, இரு ரோலர்களுக்கும் இடையே இடது பக்கத்தில் தூரம் வலது பக்கத்தைவிட 3 மி.மீ. குறைவு. துளை போடும்போது தப்பியிருக்கிறது.

முனைகளை இணைத்த விதம் ஒன்று, பெல்ட் ஓடும் வழி இன்னொன்று. இந்த இரண்டும் தப்பாக இருந்தால் எந்த மோட்டாரும், எந்த புரோகிராமும் காப்பாற்றாது.

நம் ஊரில் பார்த்து வளர்ந்ததுதான்

இது ஏதோ வெளிநாட்டு வித்தை என்று நினைக்க வேண்டாம். வீட்டில் கால் மிதி தையல் மெஷின் இருந்திருந்தால் அதன் தோல் பெல்ட்டைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் உருண்டை பெல்ட்தான். இரு முனைகளிலும் துளை போட்டு, ஒரு கம்பிக் கொக்கியை மாட்டி நசுக்கியிருப்பார்கள். சக்கரத்தின் ஓரத்தில் உள்ள பள்ளம் அதை வழி விலகாமல் வைத்திருக்கும்.

1949ல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் சைக்கிள் செய்து நாடு முழுக்க அனுப்பியது. சைக்கிள் செயினைப் பாருங்கள். அதை மாட்டிக் கழற்ற ஓர் இணைப்புக் கண்ணி இருக்கும். வழி காட்டுவது பற்சக்கரம். பக்கத்தில் ஆவடியில் 1961ல் அமைக்கப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையில் டாங்கிகள் தயாராகின்றன. டாங்கியின் சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டையும் ஒரு வகையில் பெல்ட்தான். கண்ணிகளை இணைப்பது முள். உள்பக்கம் கொம்பு போல நீட்டிக்கொண்டிருக்கும் பற்கள் சக்கரங்களுக்கு நடுவிலோ ஓரத்திலோ ஓடி, பட்டை நழுவாமல் பார்த்துக்கொள்ளும்.

தையல் மெஷின் முதல் டாங்கி வரை கேள்வி ஒன்றுதான்: முனையை எப்படி இணைப்பது, எப்படி வழி நடத்துவது? 1964ல் அமைந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இந்தக் கேள்விக்குத் தினமும் விடை கண்டுகொண்டிருக்கிறார்கள். அதே ஊரில் படிக்கும் பையனுக்கு மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

இணைப்பு: பசை வேண்டாம், சூடு வேண்டும்

ரோபோவுக்கு வாங்கும் உருண்டை பெல்ட் பெரும்பாலும் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக். சூட்டில் உருகி, ஆறினால் பழையபடி இறுகும். ஆகவே இரு முனைகளையும் உருக்கி ஒன்றோடு ஒன்று சேர்ப்பதுதான் முறை. செய்யும் விதம் இது:

1. பெல்ட்டின் நீளவாக்கில் பேனாவால் ஒரு நேர்க்கோடு போடுங்கள். இணைக்கும்போது இரு முனைகளிலும் அந்தக் கோடு சேர வேண்டும். சேராவிட்டால் பெல்ட் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முறுக்கிய பெல்ட் ஓடும்போது உருண்டு பள்ளத்தை விட்டு ஏறும்.

2. கூர்மையான பிளேடால் இரு முனைகளையும் செங்குத்தாக வெட்டுங்கள். சாய்வாக வெட்டினால் பாதி இடம்தான் ஒட்டும்.

3. இரு முனைகளும் நேருக்கு நேர் நிற்க ஒரு சட்டம் தேவை. எல் வடிவ அலுமினியம் ஆங்கிள் ஒரு துண்டு போதும். அதன் மடிப்பில் பெல்ட் தானாக நேராகப் படுக்கும்.

4. தட்டையான சூடான பிளேடை நடுவில் வைத்து இரு முனைகளையும் அதில் லேசாகத் தொடவிடுங்கள். ஓரத்தில் சிறிய வளையம் போல உருகி வந்ததும் பிளேடை உருவிவிட்டு, உடனே முனைகளைச் சேருங்கள். மெதுவாக அழுத்தினால் போதும். பலமாக அழுத்தினால் உருகியதெல்லாம் வெளியே பிதுங்கி, ஒட்ட வேண்டிய இடத்தில் ஒன்றும் இருக்காது.

5. ஒரு நிமிடம் ஆடாமல் பிடித்திருங்கள். பிறகு குறைந்தது பத்து நிமிடம் தொடாதீர்கள். வெளியே பிதுங்கிய வளையத்தை நகவெட்டியால் சுற்றிலும் சீவிவிடுங்கள்.

6. இணைத்த இடத்தை நன்றாக மடித்து, இழுத்துப் பாருங்கள். பிரிவதாக இருந்தால் கையிலேயே பிரியட்டும். கண்காட்சியில் பிரிய வேண்டாம்.

புகை வந்தால் சூடு அதிகம் என்று பொருள். அந்தப் புகை உடம்புக்குக் கெடுதல். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். மெழுகுவர்த்தி, லைட்டர் இரண்டும் வேண்டாம். இந்த வேலையைச் சிறுவர்கள் பெரியவர்கள் துணையோடுதான் செய்ய வேண்டும். இன்னொன்று, பாலியூரித்தேன் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். சென்னையின் மழைக்காலத்தில் திறந்து கிடந்த பெல்ட்டை உருக்கினால் உள்ளே குமிழி விழும். இணைப்பு பலமாக இருக்காது. மீதி பெல்ட்டை மூடிய பிளாஸ்டிக் பையில் வையுங்கள்.

சூடு வைக்கவே வசதி இல்லை என்றால், நடுவில் துளையுள்ள குழாய் வகை பெல்ட் கிடைக்கிறது. அதற்கு முள் வைத்த சிறிய உலோக இணைப்பானை இருபக்கமும் செருகினால் போதும். இது சூட்டில் இணைத்ததைவிட பலம் குறைவு. ஆனால் அவசரத்துக்குக் கை கொடுக்கும்.

நீளம்: இங்கேதான் உங்கள் கம்ப்யூட்டர் உதவும்

எவ்வளவு நீளம் வெட்டுவது? அக்கா மகன் நூலைச் சுற்றி அளந்து அதே நீளத்துக்கு வெட்டியிருந்தான். உருண்டை பெல்ட் கொஞ்சம் இழுபட்டு நின்றால்தான் பிடிக்கும். சாதாரண பாலியூரித்தேன் பெல்ட்டுக்கு 6 முதல் 10 சதவீதம் இழுவிசை வைப்பது வழக்கம். உள்ளே நூலிழை வைத்த வகைக்கு இது மிகவும் குறைவு. கடையில் எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எக்ஸெல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க் திறந்து ஒரு கணக்குப் போடுங்கள். பள்ளத்தின் அடியில் ரோலரின் விட்டம் 40 மி.மீ., பெல்ட்டின் தடிமன் 5 மி.மீ. என்றால், பெல்ட்டின் நடுக்கோடு சுற்றும் வட்டத்தின் விட்டம் 45. இரு ரோலர்களின் மையங்களுக்கு இடையே 300 மி.மீ. இருந்தால், சுற்றளவு 2 × 300 + 3.14 × 45, அதாவது சுமார் 741 மி.மீ. 8 சதவீதம் இழுக்க வேண்டும் என்றால் 741 ÷ 1.08, அதாவது சுமார் 686 மி.மீ. உருகிப் பிதுங்குவதில் ஒன்றிரண்டு மி.மீ. போகும், அதைச் சேர்த்து வெட்டுங்கள். மூன்று பெல்ட்டையும் ஒரே நீளத்தில் வெட்டுவது முக்கியம். ஒன்று குட்டையானால் அது மட்டும் ரோலரைத் தன் பக்கம் இழுத்துக் கோணலாக்கும்.

ரோலரை மிகவும் சிறியதாக வைக்காதீர்கள். விட்டம் பெல்ட்டின் தடிமனைப் போல 8 மடங்காவது இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் இணைத்த இடம் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடிந்து சீக்கிரம் விட்டுப்போகும்.

வழி: பள்ளமும் நேர்கோணமும்

தட்டை பெல்ட்டுக்கு ரோலரின் நடுவைச் சற்று உப்பலாகச் செய்வார்கள். பெல்ட் தானாக உயரமான நடுப்பகுதிக்கு ஏறி நிற்கும். இதைப் படித்துவிட்டு உருண்டை பெல்ட்டுக்கும் ரோலர் நடுவில் டேப் சுற்றுபவர்கள் இருக்கிறார்கள். அந்த வித்தை இங்கே பலிக்காது. உருண்டை பெல்ட்டுக்குப் பள்ளம்தான் வேண்டும். பள்ளத்தின் ஆழம் பெல்ட்டின் தடிமனில் பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும். கடைசல் பட்டறையில் கொடுத்தால் வெட்டித் தருவார்கள். பள்ளியில் 3டி பிரிண்டர் இருந்தால், இருபக்கமும் 45 டிகிரி சாயும் வி வடிவப் பள்ளமாக வரையுங்கள். ரோலரைச் செங்குத்தாக நிறுத்தி அச்சிட்டால் தாங்கு சட்டம் இல்லாமலே வரும்.

பள்ளம் இருக்கிறதே என்று ரோலரைக் கோணலாக மாட்டக் கூடாது. வழவழப்பான ரோலரில், இரு ரோலர்களுக்கும் இடையே எந்தப் பக்கம் தூரம் குறைவோ அந்தப் பக்கமே பெல்ட் நகரும். பள்ளம் அதைத் தடுக்கும். ஆனால் பெல்ட் பள்ளத்தின் சுவரில் உரசித் தேயும். ஆகவே இரு ஓரங்களிலும் தூரத்தை அளந்து பாருங்கள். அடுத்து, சட்டத்தின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால்தான் சட்டம் செவ்வகம். கடைசியாகச் சமதளமான மேஜையில் வையுங்கள். நான்கு மூலையும் படியவில்லை என்றால் சட்டம் முறுக்கியிருக்கிறது.

ஓடும்போது 'டக் டக்' என்று சத்தம் வந்தால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. மேலே சொன்ன அளவில் ரோலர் ஐந்து சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுற்றினால்தான் பெல்ட் ஒரு சுற்று வரும். ரோலர் நிமிடத்துக்கு 60 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் விநாடிக்கு ஒரு முறை வந்தால் குறை ரோலரில். ஐந்து விநாடிக்கு ஒரு முறை வந்தால் பெல்ட்டின் இணைப்பில். காதும் கைக்கடிகாரமும் இருந்தால் போதும், பழுது எங்கே என்று சொல்லிவிடலாம்.

கம்ப்யூட்டர் இதழில் இது எதற்கு?

'இதெல்லாம் மெக்கானிக் வேலை, எங்களுக்கு எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். என் பதில் இது. கம்ப்யூட்டர் சொல்வதை வெளி உலகில் செய்து காட்டுவது பெல்ட்டும் ரோலரும்தான். இங்க்ஜெட் பிரிண்டரில் மை தலையை இழுத்துச் செல்வதும் ஒரு பல் வைத்த பெல்ட்டே. அமெரிக்காவில் தொடங்கிய ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியில் 2006, 2012, 2020 ஆண்டுகளின் ஆட்டங்கள் பந்துகளைப் பொறுக்கி எறிவதாக அமைந்தன. பந்தை ஏற்றப் பல அணிகள் நம்பியது இந்த உருண்டை பெல்ட்டைத்தான். 2024ல் வியட்நாமின் குவாங் நின்னில் நடந்த ஏபியு ரோபோகான் போட்டிக்கு நெல் அறுவடைதான் கரு. அங்கும் பந்தைப் பொறுக்கிச் சேர்க்க வேண்டியிருந்தது. உலகம் முழுக்க மாணவர்கள் இதில் மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆகவே என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ரோபோ கிட் விற்பவர்கள் மோட்டார், போர்டு ஆகியவற்றோடு பெல்ட்டை இணைக்கும் முறையையும் ஒரு பக்கத்தில் அச்சிட்டுத் தர வேண்டும். பயிற்சி நிலையங்கள் முதல் வகுப்பில் புரோகிராம் எழுதச் சொல்லும் முன், மின்சாரம் இல்லாமல் கையால் சுற்றிப் பார்க்கும் பழக்கத்தைச் சொல்லித் தர வேண்டும். கையால் சுற்றி ஓடாதது கம்ப்யூட்டர் சொல்லியும் ஓடாது. பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை: இன்னொரு மோட்டார் வாங்கப் பணம் கேட்டால், வாங்கித் தரும் முன் அந்த மெஷினைக் கையால் சுற்றச் சொல்லுங்கள். அப்படிச் சுற்றும்போது பேட்டரி கழற்றியிருக்க வேண்டும். பெல்ட் ரோலரில் நுழையும் இடத்தில் விரல், தலைமுடி, துப்பட்டா எதுவும் போகக் கூடாது.

அக்கா மகன் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். அன்று மாலையே மூன்று பெல்ட்டையும் புதிதாக வெட்டி இணைத்தோம். முதல் இரண்டு இணைப்பு பிரிந்தது; மூன்றாவது முறை கை பழகிவிட்டது. அத்தான் ஷிப்ட் முடிந்து வந்து, இடது பக்கத் துளையை அரத்தால் 3 மி.மீ. நகர்த்திக் கொடுத்தார். மகனின் கம்ப்யூட்டர் வேலையில் தனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

கண்காட்சி அன்று மதியம் ஒரு பெல்ட் மறுபடியும் வெளியே வந்துவிட்டது. பையன் லேப்டாப் பக்கம் போகவில்லை. பேட்டரியைக் கழற்றினான், ரோலரைக் கையால் ஒரு சுற்று சுற்றினான். "திருகு லூசாயிடுச்சு மாமா, அவ்வளவுதான்" என்றான். இறுக்கினான். ஓடியது.

குரூப் மாற்றும் பேச்சை அதன் பிறகு அவன் எடுக்கவில்லை.